வாய்க்கால் ஓரத்து மேடுகள்

ஈப்போவில் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளை முதன்முதலில் கடை வாசலில் தொங்கவிட்டவன் நான்தான். யார் வேண்டுமானாலும் வந்து இல்லையென்று சொல்லட்டும். எண்பதுகளின் நடுவில் மற்ற கடைக்காரர்கள் இன்னும் கறுப்புச் சைக்கிளுக்கு மணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு எழுந்து வந்தவன். பதினான்கு வயதில் அம்மாவோடு ஈப்போவுக்கு வந்து, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கடையில் பஞ்சர் ஒட்டப் பழகி, எழுபதுகளில் சொந்தக் கடை போட்டேன். பலகையில் மூன்று மொழிகளில் என் பெயர். அதில் இரண்டை எனக்கே வாசிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் போகிற சைக்கிளின் சத்தத்தை வைத்தே அதில் என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்துச் சொல்லப்போவதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் கூடுகிறது. துப்பத்தான் தோன்றுகிறது.

சித்தியவானில் ஒரு பிரெஞ்சு எஞ்சினியரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். லுமுட் பக்கம் ஏதோ கட்டுமான வேலை. என் கடையில்தான் சைக்கிள் வாங்கினார்கள். ஒருநாள் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்கள் ஊர்க் கால்வாய்கள். நேராக ஓடும் தண்ணீர், இரண்டு பக்கமும் வரிசையாக மரம், கரைமேல் சைக்கிள் பாதை, கொஞ்சம் தள்ளிக் கல்லால் கட்டிய பழைய கிராமம். லீவு விட்டால் நாள் முழுக்க அந்தக் கரையில் சைக்கிள் விடுவார்களாம். இங்கே இப்படி இடம் கிடையாதா என்று எஞ்சினியர் அரைகுறை மலாயில் கேட்டார்.

கிடையாது என்று சொல்லிப் பழகிய வாயா இது? "நான் பொறந்ததே கால்வாய்க் கரையில" என்றேன்.

அது பொய்யில்லை. பாகான் டத்தோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தேன். தாழ்வான நிலம், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்காவிட்டால் ஒரு மரம் நிற்காது. வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். கரையும் எங்கள் ஆட்கள் கொட்டிய மண். நீ பாதையைக் காட்டு, நன்றாக இருந்தால் வரைபடம் அச்சடித்து எங்கள் நண்பர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம், பாதையைக் கண்டுபிடித்தவன் என்று உன் பெயரைப் போடுகிறோம் என்றார் எஞ்சினியர். நான்காம் வகுப்புக்காரன் பெயர், வெள்ளைக்காரன் கையில் விரித்துப் பிடிக்கும் வரைபடத்தில்! அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுச் சைக்கிள்களை என் லாரியில் ஏற்றித் தெலுக் இந்தானில் இறக்கினேன். சாய்ந்த மணிக்கூண்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எஞ்சினியரும் மனைவியும் அவர்கள் நண்பர்களுமாக ஏழு பேர், முன்னால் நான். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஒருத்தனையும் என்னை முந்த விடவில்லை.

கரைச் சடக்கில், அந்த மண்பாதையில், ஏறியதும் எனக்கு அருவருப்பு தொடங்கிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. செத்த கோழி ஒன்று வயிறு ஊதி மிதந்தது. அவர்களோ கண்ணாடி போல இருக்கிறது என்று வியந்தார்கள். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த பழைய லயத்துக்கு வந்தோம். துருப்பிடித்த தகரச் சுவர், வரிசையாகக் கக்கூசு, கதவு இல்லாத வாசல்கள். அவற்றின் முன்னால் நின்று, "பாகுஸ், பாகுஸ்" என்று மாறி மாறிப் படம் எடுத்தார்கள். என்ன பாகுஸ், என்ன அழகு? மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் வளர்ந்த இடம் அது. குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரை ஈரத் துண்டோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். கொஞ்சம் சிரிங்க பெரியவரே என்று தமிழில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். சீ.

என் அப்பா இதே கரையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் வாளி கட்டிக்கொண்டு போனவர். சறுக்கினால் பால் கொட்டும், கொட்டினால் கங்காணியிடம் வசவு. அந்தச் சடக்கில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு விளையாட்டுக்குச் சைக்கிள் விடுகிறார்களே என்று உள்ளே கரித்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. வரைபடம் வேண்டுமே.

லயத்தைத் தாண்டினால் முன்பு ரப்பர் மரம் நின்ற இடம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. மரத்தை வைத்துத்தான் எங்களுக்கு வழி தெரியும். மரம் போனால் வழியும் போயிற்று. செம்பனைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் மட்டும் நடாமல் புல் மண்டிக் கிடந்தது. அதில் சின்னச் சின்ன மண்மேடுகள், முழங்கால் உயரம்கூட இருக்காது. மலைச் சைக்கிளுக்கென்றே செய்து வைத்தது போல.

"பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு நான்தான் முதலில் ஏறினேன். ஒரு மேடு, இரண்டு, மூன்று. நான்காவதில் முன்சக்கரத்தைத் தூக்கி அந்தரத்தில் போய் இறங்கினேன். பின்னால் ஏழு பேரும் கூவிக்கொண்டு வந்தார்கள். எஞ்சினியர் திரும்பிப் போய் மறுபடியும் ஏறினார்.

அப்போதுதான் செம்பனை நிழலில் ஒரு பெண் நின்றதைப் பார்த்தேன். இடுப்பில் உர வாளி, தலையில் கட்டிய துணி. என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும்.

"அண்ணே, நீங்க ரெண்டாம் லயத்து ஆளுதானே?"

"ஆமா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூக்கப் பாத்தா தெரியாதா? அப்பா மூக்கு லா." வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க இப்ப எறங்குனீங்களே, அது எங்கம்மா."

எனக்கு விளங்கவில்லை. அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"அதுக்கு முந்தினது தண்ணிக்காரத் தாத்தா. உங்கப்பா மேல மொதல்லயே ஏறிட்டீங்க. அந்தா, குரோட்டன் செடி பட்டுப்போயி நிக்கிது பாருங்க."

தோட்டத்தில் எங்களுக்குக் கல்லறை கிடையாது. நடவுக்கு ஆகாத நிலத்தைக் கொடுப்பார்கள். புதைத்து, மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு செடி நடுவோம். அவ்வளவுதான். பதினோரு வயதில் மொட்டைத் தலையோடு நான் நின்ற இடம் அது. அதன் பிறகு திரும்பி வரவே இல்லை.

எஞ்சினியர் மனைவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். மலாயில் அது ஒரு சின்னச் சொல். அது வாயிலிருந்து வரவில்லை. "ஊலார்" என்றேன். "பாம்பு இருக்காம். போலாம், போலாம்."

பாம்பு என்றதும் எல்லோரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உரம் போடுகிற பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாம்பா?" என்றாள். "ஆமாண்ணே. இருக்குது."

கடல்வரை போனோம். இளநீர் குடித்தார்கள். நான் குடித்ததை ஒரு தென்னைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எஞ்சினியரும் மனைவியும் வரைபடத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கையால் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். மேலே என் பெயர். மணிக்கூண்டு, கரைச் சடக்கு, லயம். மேடு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். பாதையிலேயே மிகச் சிறந்த இடம் அதுதானாம். மாதாமாதம் இருபது பேரைக் கூட்டிப்போகலாம் என்றார்.

இருபது பேர். மாதாமாதம். கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுச் சொன்னேன். அது புதைகுழி, இது இன்னாருடைய அம்மா, அது என் அப்பா என்று விரலை வைத்துக் காட்டினேன். எஞ்சினியர் முகம் செத்துப்போயிற்று. நூறு தடவை மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். அவர் மனைவிதான் ரொம்பப் பணிவாக, "கல் இல்லையா? பெயர் இல்லையா?" என்றாள்.

கையைத் துணியில் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தும் துடைத்தேன்.

எஞ்சினியர் சொன்னார்: அப்படியானால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டுப் பழைய இடுகாடு என்று குறிக்கலாம், இறங்கிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போகட்டும், எங்கள் ஊர்க் கிராமங்களில் அப்படித்தான். ஈரத் துண்டோடு நெளிந்த கிழவர் என் கண்முன் வந்தார்.

"வேணாம்" என்றேன். "பாதையும் வேணாம். என் பேரையும் எடுத்துடு."

அவர்கள் அதன் பிறகு வரவில்லை. வரைபடம் அச்சானதாகவும் கேள்விப்படவில்லை.

அடுத்த ஞாயிறு உடைந்த சைக்கிள் பிரேம்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணே வந்து எல்லை காட்டினாள். துண்டு நிலத்தின் இரண்டு முனையிலும் பிரேம்களை நட்டு, கம்பியால் இறுக்கி, சக்கரம் நுழையாமல் அடைத்தேன்.

"ஈப்போவுல பெரிய கடைன்னு சொன்னாங்க" என்றாள். "எங்கம்மாவுக்குப் பழைய இரும்புதானா அண்ணே?"

"அப்பாவுக்கும் அதுதானே" என்றேன்.

"ஆமா. அவரு பெரிய மனுசன், கோவிச்சுக்க மாட்டாரு லா."

அப்பாவின் மேட்டுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். என் டயர் தடம் இன்னும் அழியாமல் இருந்தது. நான் விற்கிற டயர், பூப்பூவாக அழுத்தமாகப் பதியும். கையால் தேய்த்து அழித்தேன்.

கடைக்கு வருகிற இளவட்டங்கள் இப்போதும் புதுச் சைக்கிளை எடுத்துச் சடக்கோரத் திட்டில் ஏற்றித் துள்ளிப் பார்க்கிறார்கள். நான் உள்ளே போய்விடுவேன். அன்று அப்பாவின் மேடு மெத்தென்று கொஞ்சம் அமுங்கி, பிறகு என்னை மேலே தூக்கிவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் குமட்டுகிறது.