அக்கா மாற்றிச் சொன்ன வார்த்தைகள்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு விஷயம்தான் தெரியும்: "அவ பேச்சை நம்ப முடியாது." கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறீர்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. அவருடைய தங்கையாகிய நான் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தார். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மிளகு கிட்டங்கி வேலைக்கு வந்தவர். பிறகு பஜாரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். கடைக்கு மேலே இரண்டு அறைகள் இருந்தன. சரக்கெடுக்க வரும் தமிழ்நாட்டு வியாபாரிகள் அங்கே தங்குவார்கள். சமையல் முழுவதும் அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் பேசியவர் அக்காதான். தினமும் படகேறி எறணாகுளம் கல்லூரிக்குப் போய் வந்தார். டீச்சர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், டச்சுக் கொட்டாரம் என்ற பழைய அரண்மனையைப் பார்க்க ஹாலந்திலிருந்து தனியாக வந்த ஒரு பெண் எங்கள் மாடி அறையில் தங்கினாள். பெயர் ஹன்னா. அக்காவை விட ஓரிரு வயது மூத்தவள். அம்மா ஊற்றிய சாம்பாரைக் குடித்துவிட்டுச் சிரிப்பாள். வந்த சில நாட்களில் காய்ச்சலில் விழுந்தாள். மழைக்காய்ச்சல், தானே இறங்கிவிடும் என்று அம்மா நம்பினார். கஞ்சி கொடுத்தார், நெற்றியில் பற்றுப் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அக்கா சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை. அந்தப் பெண் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் அப்பாவும் அக்காவும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டைபாய்டு முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்தவர் அக்கா மட்டும்தான்.

பெற்றோர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையைப் பார்த்துவிட்டு, மகள் தங்கிய அறையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூட வந்த தூதரக அதிகாரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அதனால் பேச்சை மொழிபெயர்க்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. நானும் அக்கா படித்த கான்வென்டில் படித்தவள். அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்கும் புரிந்தது.

ஹன்னாவின் தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயான அந்த அம்மாள் உட்காரவில்லை. ஈரம் பூத்த சுவரையும் பாயையும் பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்தபடி அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "இந்த அழுக்கில் படுக்க வைத்து, கஞ்சித் தண்ணீர் கொடுத்து என் மகளைக் கொன்றது இவள்தான். இவள் கொலைகாரி என்று சொல்."

"என்னடி சொல்றா?" என்றார் அம்மா.

"பொண்ணைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொல்றாங்கம்மா."

அம்மா முகம் சுளித்தார். "நன்றி யாருக்கு வேணும்? வயசுப் பொண்ணைக் கண்காணாத ஊருக்குத் தன்னந்தனியா அனுப்பிட்டு, செத்த பிறகு எதுக்கு வந்து நிக்கிறான்னு கேளு. இவல்லாம் ஒரு தாயா?"

அக்கா அந்த அம்மாளிடம் திரும்பினார். "உங்கள் மகளின் கையைக் கடைசி வரை விடவில்லை என்கிறார் என் அம்மா. அவள் உங்களைத்தான் கூப்பிட்டாளாம். பயப்படாமல் தூங்கிப் போனாளாம்."

ஹன்னா தாயைக் கூப்பிட்டது உண்மை. கையைப் பிடித்திருந்தது அக்கா.

அந்த அம்மாள் நெருங்கி வந்து எங்கள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதார். இப்படியொரு அழுகையை அம்மா எதிர்பார்க்கவில்லை. முதலில் விறைத்து நின்றார். மெல்ல அவர் கை அந்த முதுகைத் தடவியது. "அழாதே தாயி, அழாதே" என்று அம்மாவும் அழுதார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மகளை இழந்து வந்த ஒரு குடும்பத்தை அன்று தேற்றி அனுப்பியது அக்காவின் இரண்டு பொய்கள்.

அதற்குப் பிறகு அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வெள்ளைக்கார மதாம்மா என் தோள்ல சாஞ்சு நன்றி சொன்னா." பக்கத்து வீட்டு மலையாளி டீச்சர் அன்று வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர். ஒருநாள் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது அவருக்குப் பொறுக்கவில்லை. "நன்றியோ? அந்த மதாம்மா நிங்களெ கொலைகாரி என்னல்லே விளிச்சது! மோள் ஒக்கெ மாத்திச் சொல்லியதா" என்று, மகள் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னதைப் போட்டு உடைத்தார். குழாயடியே சிரித்தது.

அம்மா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். "என்னைக் கொலைகாரின்னவளை நானே கட்டிப்பிடிச்சு அழ வச்சியேடி!"

"பிள்ளையைப் பறிகொடுத்து வந்தவங்கம்மா. அவங்ககிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

"இனி நீ சொல்ற ஒரு வார்த்தையை நான் நம்ப மாட்டேன்."

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கல்லூரி நின்றது. படகில் யாரோடு பேசுகிறாளோ, கேட்டாலும் உண்மையா சொல்லப்போகிறாள் என்றார். அவசரமாகக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

கல்யாணமான மறு வருடமே அக்கா திரும்பி வந்தார். முன்கையில் சூடு வைத்த தழும்பு இருந்தது. அத்தான் செய்தது என்றார். "அடுப்புல பட்டிருக்கும். மாத்திச் சொல்றதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்?" என்றார் அம்மா. பஞ்சாயத்துப் பேச வந்த உங்களில் சிலரும் அதையே சொன்னீர்கள். அப்பா கல்லாவை விட்டு எழுந்து வரவே இல்லை. நான் சொன்னேன், தழும்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அக்காவுக்குக் கூட்டு என்று என்னையும் ஒதுக்கினீர்கள். அக்காவை ரயிலேற்றி விட்டார்கள்.

அதன் பிறகு அக்கா அத்தானைப் பற்றி எதையும் முறையிட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கே யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. பல வருடங்கள் கழித்து, கால் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னபோது, வேலைக்குக் கள்ளம் என்றார்கள் அத்தான் வீட்டில். எங்கள் அம்மாவுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் போய் அழைத்து வந்து எறணாகுளத்தில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டார்: "உண்மையிலேயே இவளுக்கு வலி உண்டோ, டாக்டரே?"

இளவயது டாக்டர். என்னைப் பார்த்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் அக்காவின் உடம்பைத் துடைத்துவிட்ட நர்ஸ் சேச்சிக்கும், வாடகை வாங்காமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டிய ஆட்டோக்கார அண்ணனுக்கும், கோயம்புத்தூரிலிருந்து கூட்டமாக வந்து சுடுகாடு வரை நடந்த அக்காவின் மாணவக் குழந்தைகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அத்தான் வீட்டாருக்கு இந்த மலரை அனுப்பவில்லை.

துக்கம் கேட்க வந்த மற்றவர்களே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன செய்வே, எல்லாம் அவ விதி" என்று தேற்றினீர்கள். அம்மாவும் தலையாட்டினார். உங்களுக்கும் நன்றி.

மலரில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா தினமும் கேட்கிறார். அச்சாகி வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகிறேன். அக்காவுக்கு இருந்த இரக்கம் எனக்கு இல்லை. ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.