அண்ணியை மருத்துவர் 'வைரி' என்றார்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா முதலில் பார்த்தது அவர் கையைத்தான். கையைத் தூக்கினால் கல்யாணத்துக்கு வாங்கிய வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

"இன்னாடா இது, முருங்கைக் குச்சியாட்டம் இருக்குது? குடித்தனம் தாங்குமா?" என்று அண்ணி காதில் விழும்படியே அம்மா அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் துணி மில்லில் வேலை செய்தார். அண்ணி அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். அம்மாவின் பேச்சுக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டுப் போன புதிது அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கோப்புகள் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்ததால் நானும் சாயங்காலங்களில் இங்கிலீஷ் படித்தேன். ஒல்லி என்பதற்கே அதில் பல வார்த்தைகள் இருந்தன. 'தின்' என்றால் வெறும் ஒல்லி. 'ஸ்லிம்' என்றால் பாராட்டு. 'ஸ்கின்னி' என்றால் கேலி. அண்ணியை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

ஓர் ஐப்பசியில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பெரிய வாய்க்காலை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். நான் மத்தியானம் கஞ்சி கொண்டுபோவேன்.

அடைமழை பிடித்த ஒரு நாள், நான் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் பொங்கி ஆஸ்பத்திரிக்குள் வந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் கட்டில்களின் கால்கள் முழுகிவிட்டன. நோயாளிகளை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மழையில் ஊழியர்கள் யாரும் வந்து சேரவில்லை. மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த பெண் மருத்துவரும் ஒரு நர்ஸும் மட்டுமே இருந்தார்கள். நானும் நர்ஸும் சேர்ந்து ஒருவரைத் தூக்கினோம். பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு முட்டியது.

அண்ணி புடவையை வரிந்து கட்டிக்கொண்டார். ஒரு கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"என் கழுத்தக் கட்டிக்குங்க பெரியவரே. கூச்சப்படாதீங்க, உங்க பொண்ணுன்னு நெனச்சிக்குங்க."

அந்தக் கிழவரை முதுகில் சுமந்து தண்ணீரில் நடந்து படியேறினார். இறங்கி வந்து இன்னொருவரைச் சுமந்தார். மூன்றாவது முறை வந்தபோது அண்ணன் கையை நீட்டினார். அண்ணி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சி. கொஞ்சம் பொறுங்க. அந்த ஆளுக்கு மூச்சு வாங்குது பாருங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அண்ணனைக் கடைசியில்தான் தூக்கினார்.

எல்லாரும் மாடிக்கு வந்த பிறகு அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நனைந்த முந்தானையைப் பிழிந்தார். மருத்துவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷி இஸ் நாட் தின். ஷி இஸ் வைரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிய நோயாளியிடம் ஓடினார்.

அண்ணன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாடா சொல்லிட்டுப் போறாங்க? வைரியா? யாருக்கு வைரி? இத்தினி பேரத் தூக்கிவுட்டவ எதிரியா?"

அந்த வார்த்தை எனக்கும் புதுசு. மருத்துவர் திரும்பி வரும்வரை அண்ணனைச் சமாதானப்படுத்த முடியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஐயோ, அந்த வைரி இல்லீங்க. வயர் மாதிரின்னு அர்த்தம். கம்பி மெல்லிசாத்தான் இருக்கும், இழுத்தா அறுந்துடுமா? ஒடம்பு ஒல்லி, உரம் அதிகம். அப்படிப்பட்டவங்களுக்கு நாங்க சொல்ற வார்த்தை அது."

"வைரம் பாஞ்ச கட்டைன்னு நாம சொல்றமே, அதாண்ணே" என்றேன் நான்.

அண்ணன் முகம் தெளிந்தது. "அப்டி சொல்லு" என்று படுத்துக்கொண்டார்.

அண்ணிக்கு எங்கள் பேச்சே வேடிக்கையாக இருந்தது. "கட்டையும் இல்ல, கம்பியும் இல்ல. புல்லுக்கட்டு தூக்கின ஒடம்பு. பசிக்குது தம்பி, அந்தக் கஞ்சி மிச்சம் இருக்குதா?" என்றார்.

புது வார்த்தை கிடைத்த உற்சாகத்தில், எலும்பும் தோலுமான என் ஆபீசரையும் 'வைரி' என்று மறுநாள் மருத்துவரிடம் வர்ணித்தேன். "அவர் எதையாவது தூக்கி நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். தன் நாற்காலியை நகர்த்தக்கூட அவர் பியூனைக் கூப்பிடுவார் என்றேன். "அப்போ அவர் ஸ்கின்னிதான்" என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் தப்பாகச் சொன்னதில்லை.

அண்ணன் தேறியதும் மருத்துவர் அண்ணியை ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிட்டார். அம்மா மறுப்பாள் என்று பயந்தோம். மழை நாளில் நடந்ததை அண்ணன் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, தோள் வரை அமுக்கிப் பார்த்தாள்.

"போவட்டும். காலையில ரெண்டு இட்லி கூடப் போடறேன், தின்னுட்டுப் போவட்டும்" என்றாள்.

அண்ணி சேர்ந்த முதல் வாரமே கீழ்த்தளத்துக் கட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கி, படிக்கட்டுக்கு ஆளைச் சுமந்து போக வழி விட்டு வைத்தார். மருத்துவர் அதைப் பார்த்தார். யாரும் மாற்றி வைக்கக்கூடாது என்று நர்ஸிடம் சொன்னார்.