குடை மார்க் காயம்

பெருங்காயத்தின் நெடியும் சூடான லேசர் பிரிண்டரின் வாசனையும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறும் இடம் உலகத்தில் எத்தனை இருக்குமோ தெரியாது. எனக்குத் தெரிந்து ஒன்று இருந்தது. திருவனந்தபுரம் ஆரியசாலையில், கீழே வற்றல் மிளகாயும் மல்லியும் காயமும் மூட்டையாக விற்கும் கடைகளும், மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் கொண்ட ஒரு டி.டி.பி. சென்டரும் இருந்த கட்டடம் அது. ஏ.சி. ஓடும் அறை என்பதால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், மானிட்டருக்குப் பூப்போட்ட துணி உறை உண்டு, கதவில் கெட்டித் திரை உண்டு. ஆனாலும் மிளகாய் நெடி எப்படியோ படியேறி வந்து நாளுக்கு நாலு முறையாவது எங்களைத் தும்ம வைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஏப்ரலும் மே மாதமும் முழுக்க அந்த அறையில்தான் இருந்தேன். அப்பா விதுரைக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தார், சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். வீட்டில் என்னைத் தனியே விட மனமில்லாமல் அம்மா கூடவே அழைத்துப் போனாள். கீழ்க்கடைக்காரர் ஒருவர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த தடித்த டைரி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் தினமும் நடந்ததை நேரத்தோடு எழுதுவேன். அந்த டைரி இன்னும் என்னிடம் இருப்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அம்மாவின் பெயர் சாந்தா. ஒன்பது வருடம் அந்தக் கடையில் வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போகும் மனுக்களையும் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகளையும் டைப் செய்தவள், அந்த மார்ச் மாதம்தான் "டிராயிங் சீட்" என்று நாங்கள் அழைத்த இடத்துக்கு மாறியிருந்தாள். படம் வரையும் மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒன்பது ஃப்ளாப்பிகளிலிருந்து ஏற்ற வேண்டிய மென்பொருள் அது. ஏழாவது ஃப்ளாப்பியைப் போடும்போது மட்டும் டிரைவ் கொசுவத்தி டப்பாவைத் திறப்பதுபோல் கிறீச்சிடும், அறையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வண்ணத்தோடு பார்த்தால் ஒரு பூவைத் திரையில் போட்டு முடிக்க அதற்கு அரை நிமிடம் பிடிக்கும். அதனால் வண்ணத்தை எல்லாம் உரித்துவிட்டு வெறும் கோடுகளை மட்டும் காட்டும் ஒரு பார்வையும் அதில் இருந்தது. ஷாஜி அண்ணன் அதை "எலும்பு" என்பார். "சேச்சி, எலும்புல இட்டு நோக்கு, வேகம் வரும்" என்பது அவர் தினமும் சொல்லும் வாக்கியம். அவர் பக்கத்து கம்ப்யூட்டரில் பக்கங்களை அடுக்குபவர். நெய்யாற்றின்கரை பக்கம் வீடு, எங்களிடம் தமிழும் மலையாளமும் சம பங்காகக் கலந்து பேசுவார்.

அம்மாவுக்கு வந்த முதல் பெரிய வேலை, கீழ்க்கடைப் பிச்சையா அண்ணாச்சியின் காய டப்பாவுக்கு லேபிள். நடுவில் ஒரு கறுப்புக் குடை, மேலே வளைவாகப் பெயர், சுற்றிலும் சிவப்புக் கரை. அம்மா தன் கம்ப்யூட்டரில் ஒரு லேபிளை வரைந்து படமாக மாற்றிக் கொடுக்க வேண்டும், ஷாஜி அண்ணன் அதை ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்களில் அடுக்குவார், பிறகு அது சிவகாசிக்கு அச்சுக்குப் போகும். வரைய இரண்டு நாள் ஆயிற்று. அடுக்கி, சாம்பிள் எடுத்தபோது பன்னிரண்டு லேபிள்களும் சுருங்கி, கட்டத்தின் வலது கீழ் மூலையில் போய் உட்கார்ந்திருந்தன. இடது பக்கமும் மேலேயும் வெற்றுத் தாள். திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

அன்றிலிருந்து நடந்த வைத்தியங்களை டைரியில் வரிசையாக எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டார்கள். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மவுஸின் வயிற்றைத் திறந்து உருண்டையை எடுத்துத் துடைத்தார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, "துடைச்சா நல்லதுதானே, கேட்டியா" என்றார் ஷாஜி அண்ணன். சாம்பிளின் வெற்றிடத்தில் கொசு உட்கார்ந்ததுபோல் மங்கலாக ஒரு புள்ளி விழுந்திருந்ததால் பிரிண்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தார். மென்பொருளையே எடுத்துவிட்டு ஒன்பது ஃப்ளாப்பிகளையும் மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் அம்மா, பழைய ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நம்பி, முதலிலிருந்து புதிதாக வரைந்தாள். ஒவ்வொரு முறையும் லேபிள் மூலைக்கே போயிற்று.

செவ்வாய்க்கிழமை முதலாளி நடராஜன் சார், "ஷாஜி, நீ ஒரு தடவை வரஞ்சு பாரு" என்றார். ஷாஜி அண்ணன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அதே கம்ப்யூட்டரில், அதே மென்பொருளில், ஒன்றேகால் மணி நேரத்தில் அதே குடையை வரைந்தார். அம்மாவின் குடையில் கம்பிகள் எட்டு. இவர் ஆறோடு நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம். லேபிள் கட்டம் நிறைய, கச்சிதமாக வந்தது.

சார் இரண்டு சாம்பிள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெஷினைக் குத்தம் சொல்றதுக்கு இனி இல்லைம்மா. வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வர்றாரு. உங்க கையால அதுக்குள்ள சரியா வந்தா சரி. இல்லேன்னா டிராயிங் சீட்டை ஷாஜி பாக்கட்டும், நீங்க பழையபடி டைப்பிங் பாருங்க. உங்களுக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் இல்ல, அல்லே?"

"சரி சார்" என்றாள் அம்மா. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏட்டி, என் கைக்குத்தான் ராசி இல்லபோல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அம்மாவின் பழைய சாம்பிள்களை எல்லாம் அளந்தேன். இடது பக்க வெற்றிடம் முதல் தாளில் பதினேழு மில்லிமீட்டர், அடுத்ததில் இருபத்துநாலு, மூன்றாவதில் பன்னிரண்டு. இது எனக்கு வினோதமாகப் பட்டது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் தினமும் ஒரே அளவாக ஆறு நிமிடம் பின்னால் போகும். மெஷின் செய்யும் தப்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தத் தப்போ ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவில் இருந்தது. அப்படியானால் இது கை செய்வது. ஆனால் எந்த இடத்தில்?

வியாழக்கிழமை காலை அம்மா மறுபடி புதிதாகத் தொடங்கியபோது, அவள் செய்வதை ஒன்று விடாமல் எழுதினேன். உறையை எடுத்து மடித்தாள், வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டாள், புதுப் பக்கம் திறந்தாள், அளவு கொடுத்தாள், கரை வரைந்தாள் என்று இருபத்துமூன்று வரிகள். பிறகு ஷாஜி அண்ணனிடம் போய் அவர் எப்படிச் செய்வார் என்று கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். "என்ன மோளே இது, போலீஸ் வாக்குமூலம் எடுக்கிற மாதிரி" என்று கிண்டல் செய்தாலும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு பட்டியலையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். வளையலைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லை. வளையலைக் கழற்றச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுபடி முதல் வரியிலிருந்து பார்க்கலாம் என்று கண்ணை மேலே கொண்டுபோனேன். அம்மாவின் பட்டியலில் முதல் வரிக்கும் மேலே, டைரியின் அச்சடித்த கோட்டுக்கு வெளியே, சின்னதாக ஒரு "உ" இருந்தது. நான்தான் போட்டது. எந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினாலும் போடுவேன், போட்டது நினைவிருக்காது.

"அம்மா, நீ கம்ப்யூட்டர்ல பிள்ளையார் சுழி போடுவியா?"

"போடாம பின்ன? மொத வேலையே அதுதானே."

"எங்க போடுவ?"

"பக்கத்துக்கு வெளியிலட்டி. ஊரார் சரக்குல நம்ம சுழி எதுக்கு? ஓரமா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி, லேசா மஞ்சள்ல போட்டுவிடுவேன். அச்சுல வராது."

இத்தனை நேரம் அவள் பக்கத்தில் இருந்து எழுதிய நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருப்பேன்; அதை ஒரு வேலையாக எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை.

"எலும்புல போடு" என்றேன். அம்மா விசையை அழுத்தினாள். வண்ணம் எல்லாம் உதிர்ந்து, கோடுகளாகக் குடையும் கரையும் வந்தன. பக்கத்தின் எல்லைக்கு வெளியே, மேலே இடது ஓரத்தில், ஒரு கடுகு அளவில் "உ" நின்றது. ஷாஜி அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தார். லேபிளைப் படமாக மாற்றும்போது அந்த மென்பொருள் பக்கத்தின் எல்லையை மதிப்பதில்லை, திரையில் எது எங்கே இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே படமாக ஆக்கிவிடுகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சுழி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குப் படம் அகலமாகும். அகலமான படம் கட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் லேபிள் சுருங்கி மூலைக்குப் போகத்தானே வேண்டும். பிரிண்டரைக் கழற்ற வைத்த கொசுப் புள்ளி எது என்பதும் தெரிந்தது. புதிதாகத் தொடங்கினால் சரியாகும் என்று அம்மா ஒவ்வொரு முறையும் தொடங்கினாள்; தொடங்கியபோதெல்லாம் சுழி போட்டாள்.

"எண்டெ சேச்சி!" ஷாஜி அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கணபதியையும் பார்சல்ல வெச்சு அனுப்பிட்டு, பாவம் அந்த மவுஸை குத்தம் பறஞ்சோமே!"

சுழியை அழித்துவிட்டுப் படம் எடுத்தார்கள். லேபிள் கட்டம் நிறைய வந்தது. டைரியில் "இடைவெளி: 0" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். சார் தாளை வாங்கிப் பார்த்து, காரணத்தையும் கேட்டுவிட்டு, "இனிமே அது வேண்டாம், கேட்டேளா" என்று மட்டும் சொன்னார். ஷாஜி அண்ணன் சாப்பிடப் போனார்.

அம்மா மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். முகம் கழுவாமல் வெளியே கிளம்பியவள் மாதிரி இருந்தாள். சற்று நேரம் கழித்து வளையலை மேலே ஏற்றிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். இந்த முறை பக்கத்துக்கு உள்ளேயே, குடைத் துணியின் நடுவில், கையாலேயே ஒரு "உ" வரைந்தாள். கறுப்பின் மேல் மஞ்சளாக அது ஒரு கணம் தெரிந்தது. பிறகு, ஒன்றை இன்னொன்றுக்குப் பின்னால் தள்ளும் கட்டளையைக் கொடுத்தாள். சுழி குடைக்கு அடியில் போயிற்று. திரையில் கறுப்புக் குடை மட்டும் இருந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மறுபடி எடுத்த சாம்பிளை நானே அளந்தேன். பூஜ்யம்தான்.

வெள்ளிக்கிழமை பிச்சையா அண்ணாச்சி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். லேபிளைக் கத்தரித்துக் கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவில் சுற்றிப் பார்த்தார். "போன வாட்டி என் குடை மழைக்குப் பயந்து மூலையில ஒதுங்கி நின்னுது. இப்பம் தைரியமா நடுவுக்கு வந்துட்டே!" என்றார். பிறகு கம்பிகளை எண்ணி, "எட்டு இருக்கு. நல்ல குடைதான்" என்றார். சார் சிரித்தார். அன்று மாலையே இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை அம்மாவின் மேஜையில் வைத்து, "இதையும் நீங்களே வரஞ்சிடுங்க" என்றார். அதன் பிறகு பதினொரு வருடம் அந்த நாற்காலி அம்மாவுடையதாகத்தான் இருந்தது.

போன மாதம் ஆரியசாலைப் பக்கம் போயிருந்தேன். அந்த மாடியில் இப்போது கைபேசி உறைகள் விற்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்ல ஆளில்லை. அண்ணாச்சியின் கடை இல்லை, குடை மார்க் காயமும் இல்லை. ஆனால் அம்மா வேலையை விட்டபோது ஒரு சி.டி.யில் பதிந்து கொண்டுவந்த ஃபைல்கள் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து அந்த லேபிளைத் திறந்து பார்த்தேன். இன்றைய மென்பொருள் முதலில் முரண்டு பிடித்தது. பழைய எழுத்துரு இல்லாததால் வளைவாக இருந்த பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. சிவப்புக் கரை ஏதோ ஆரஞ்சாகியிருந்தது. குடை மட்டும் எட்டுக் கம்பிகளோடு அப்படியே நின்றது. எலும்புப் பார்வை இந்தப் புது மென்பொருளிலும் இருக்கிறது, வேறு பெயரில். அதை அழுத்தினேன்.

உடனே அம்மாவுக்கு போன் செய்தேன். எதிலிருந்து எதைச் சொல்கிறேன் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"குடைக்கு உள்ளதானே இருக்கு?" என்று கேட்டாள்.

"உள்ளதான் இருக்கு."

"அப்பம் சரி" என்றாள் அம்மா. "நனையாது."