பிலாத்துக்கு வந்த குரல்

சூரமங்கலம் கோயிலில் தவக்காலம்தோறும் நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் மார்ட்டின்தான் பிலாத்து, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிக் கை கழுவும் ரோமானிய கவர்னர். வசனம் மறந்துபோனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையோரமாக நடப்பார். என்ன ஒரு கவர்னர் நடை என்று சனம் மெச்சும். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் ஞானமேரிக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் அவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள்.

சென்ற ஆண்டு திரையோரம் புது மைக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அதை யோசிக்கவில்லை. மார்ட்டின் வந்து நின்றதும், “கை கழுவத் தண்ணீர் கொண்டு வா!” என்று வழக்கம்போல் கிசுகிசுத்தாள். அது மைதானம் முழுக்க முழங்கியது.

“ஏனுங்க மார்ட்டினு, பிலாத்து எப்பங்க பொம்பளையானாரு?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

நாடகம் முடிந்ததும் மார்ட்டின் அவளிடம் வந்தார். “இத்தன வருசம் காப்பாத்துனியே சாமி, அது போதும்” என்றார். அவளால் தலைநிமிர முடியவில்லை. ஒலிபெருக்கியில் கேட்ட அந்த நொடி, நம் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனம் பூரித்ததே, அதுதான் அவளைச் சுட்டது.

இந்த ஆண்டு பிலாத்து வேறொருவர். மார்ட்டின் நாடகம் பார்க்கவும் வரவில்லை. ஞானமேரி இன்னும் அவர் வீட்டுத் தெருப்பக்கம் போவதில்லை.