முந்நூறு விநாடி

அலுவலகத்தில் அவளுக்கு முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'கறார்'. பதினேழு வருடத்துக்கு முன் அங்கே போன் எடுக்கும் வேலைக்கு வந்தவள். அடுத்தவர்களின் இணையதளங்களைத் தங்கள் சர்வரில் வைத்துப் பராமரிப்பது அவர்கள் தொழில். "சைட் வரலையே" என்று கூப்பிட்டவர்களிடம் "பாத்துச் சொல்றோம் சார்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தானே பார்க்கக் கற்றுக்கொண்டாள். இப்போது இருநூற்றுப் பதினான்கு தளங்கள் அவள் பொறுப்பில். எந்த வேலையானாலும் முதலில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஒரு வரி தாண்டினாலும் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் மச்சான் வந்து வாய்க்க வேண்டும். முதலாளியுடைய மனைவியின் தம்பி. முதலாளி "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குக்கூட அவன் மச்சான் ஆகிவிட்டான். மேனேஜர் என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். கூடவே எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டையும் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தனை தளங்களையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். வீடு மாறுகிற மாதிரிதான். சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய காரியமில்லை, புது விலாசம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும். தளங்களின் விலாசம் டிஎன்எஸ் என்ற பதிவேட்டில் இருக்கும். ஒருமுறை கேட்டுப்போன கணினி அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். வழக்கமாக 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். அவள் வெள்ளிக்கிழமையே அதை 300 ஆகக் குறைத்துவிட்டாள். மாற்றியபின் ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் புது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சுவரில் இருந்த தாளில், சிவப்பு மையில், முதல் வரியே அதுதான்.

மதியம் மூன்று மணிக்கு டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் கூப்பிட்டாள். அங்கே நோயாளிகள் படுக்கையை முன்பதிவு செய்யும் தளமும் அந்த இருநூற்றுப் பதினான்கில் ஒன்று.

"ஏம்மா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நாலாம் நம்பர் படுக்கை. எங்க திரையில ஒரு பேரு இருக்கு. இங்க ஒரு பெரியவர் அத உறுதி பண்ணிக்க மகளோட வந்து நிக்கிறாரு. அவர் போன்ல அதே படுக்கை, அதே நேரம், அவர் பேரு. ரெண்டு பேருக்கும் ரத்தம் சுத்தம் பண்ணி மூணு நாளாச்சு. ஒருத்தரத் திருப்பி அனுப்பணும். யார அனுப்பட்டும்? நீயே சொல்லு."

அவள் பழைய சர்வரைத் திறந்து பார்த்தாள். காலி செய்த வீட்டுக்குள் ஜனம் வந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்குப் பிறகு டயாலிசிஸ் மையத்துக்கு மட்டும் பதினெட்டு முன்பதிவு அங்கே விழுந்திருந்தது. அதில் ஆறு, புதிய சர்வரில் வேறு யாருக்கோ ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட இடங்கள். பதிவேட்டுக்குப் போனாள். அவள் 300 போட்ட இடத்திலெல்லாம் 86400. மாற்றிய நேரம் சனிக்கிழமை மாலை ஆறு பத்து. மாற்றியவர், மச்சான்.

"ஆமாக்கா, நான்தான்" என்றான் அவன், கூச்சமே இல்லாமல். "எல்லாத்துலயும் வெறும் முந்நூறுன்னு இருந்துச்சு. யாரோ தப்பாப் போட்டுட்டாங்கன்னு சரி பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு..."

"சரி பண்ணியா? இந்தத் தாளு உன் தலைக்கு மேலதான தொங்குது! படிக்கத் தெரியாதா, இல்ல படிச்சா கௌரவம் கொறஞ்சு போயிருமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உன் வாய் வலிக்குமா?"

கத்திவிட்டாளே தவிர, உள்ளுக்குள் இன்னொரு கோபமும் குடைந்தது. காலையில் மாற்றுவதற்கு முன் அவளும் அந்த எண்ணை ஒருமுறை பார்த்திருக்கலாம். தான் போட்டது அப்படியே இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

முதலாளி கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். நடந்ததைக் கேட்டார். மச்சானை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"போனது போச்சு விடும்மா. பழைய சர்வர அஞ்சு மணிக்கு நிறுத்தச் சொல்லியாச்சு. நிறுத்திட்டா குழப்பம் தீந்துச்சு."

"அந்தப் பதினெட்டுப் பேரோட பதிவும் சேந்து போயிரும் சார். நாளைக்கு வந்து நிப்பாங்க. உயிர் சமாச்சாரம்."

"மறுபடி போட்டுக்குவாங்க. நீ மையத்துக்கு ஒரு மெயில் அனுப்பு. உன் கைத்தவறுன்னு எழுது. உன் பேர்ல போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அங்க உனக்கு அவ்வளவு மரியாதை. மச்சான் பேரு வந்துச்சுன்னா எனக்கு வீட்டுல சோறு கெடைக்காது." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பதினேழு வருடம் கேலியும் கிண்டலும் கேட்டுச் சேர்த்த பெயர். மச்சான் கொட்டியதைத் துடைக்க அதைக் கரித்துணியாகக் கேட்கிறார் இந்த மனிதர். பழைய சர்வர் இருக்கும் கட்டடத்துக்குப் போன் போட்டாள்.

"நாளை மதியம் வரைக்கும் அத நிறுத்தாதீங்க."

"உங்க முதலாளி அஞ்சு மணின்னாரேக்கா?" என்றார் அங்கிருந்த பொறியாளர். "சரி, நீங்க சொன்னாச் சரி. எங்க ஃபார்ம்ல பொறுப்பாளர்னு உங்க பேருதான இருக்கு."

அவள் பழைய சர்வருக்கு வருகிறவர்களை எல்லாம் புதியதற்கே திருப்பிவிட ஏற்பாடு செய்தாள். பதினெட்டுப் பதிவையும் எடுத்தாள். பன்னிரண்டை அப்படியே புதியதில் சேர்த்தாள். மோதிய ஆறு பேருக்காக நர்ஸ், அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இரண்டு படுக்கைகளைத் திறந்துவிட்டாள். பெரியவருக்கு ஆறு மணி ஆறு மணியாகவே இருந்தது, படுக்கை மட்டும் மாறியது. மற்ற ஐந்து பேருக்கு நேரமும் மாறியதைச் சொல்லியாக வேண்டும்.

"உக்காரு" என்று மச்சானிடம் போனைத் தள்ளினாள். "ஒவ்வொருத்தருக்கா நீயே பேசு."

முதல் ஆள் போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. மச்சானின் காது சிவந்துவிட்டது. "அது வந்துங்கம்மா, சிஸ்டத்துல..." என்று ஆரம்பித்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இல்லைங்கம்மா. நான்தான் தப்பா மாத்திட்டேன்."

ஐந்தரைக்கு மெயிலை எழுதி முடித்துத் திரையை முதலாளி பக்கம் திருப்பினாள். சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு யார் எதை மாற்றினார் என்பது அதில் இருந்தது. காலையில் தான் மறுபடி சரிபார்க்கவில்லை, அது தன் தவறு என்பதும் இருந்தது. கீழே அவள் பெயர்.

முதலாளியின் முகம் கறுத்தது. "இதையா அனுப்பப் போற? என் மானத்த வாங்கணும்னே இருக்கியா?"

"என் பேர்ல போகணும்னு நீங்கதான சார் கேட்டீங்க" என்றாள் அவள். "என் பேர்ல போறது இப்படித்தான் போகும்."

பின்னால் மச்சான் நான்காவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மெயிலை அனுப்பினாள்.