முனி மரத்தில் ஒரு முழத்துணி

வேலாயி மதினி கொழுந்து பறிக்கிற வேகத்துக்குத் தேயிலைச் செடி தானாகவே இலையை நீட்டிவிடும். வாய் அதைவிட வேகம். லயத்து வீட்டு வரிசையில் அவர் ஏசினால் பொகவந்தலாவை பஜாரில் நாய் எழுந்து ஓடும். அப்படிப்பட்டவர் மூன்று வருடம் தோட்டத்துப் பாலத்தைத் தாண்டவில்லை. காரணம், ஒரு முழத்துணி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவருடைய புருஷன் வீரய்யா அண்ணன் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். அவர் இருமினால் கூரைத்தகரம் ஆணியோடு எழும்பும். மதினி முனி மரத்துக்குப் போனார். எங்கள் தோட்டத்து வழக்கம் இது: உடுத்திய சேலையில் ஒரு முழம் கிழித்துக் கிளையில் கட்டி வேண்டிக்கொள்ள வேண்டும். துணி இற்று மண்ணில் விழுந்தால் முனி வாங்கிக்கொண்டார். அதுவரை வேண்டியவர் பாலம் தாண்டக் கூடாது. தாண்டினால், யாருக்காக வேண்டினாரோ அந்த உயிர் முனிக்கு. கையால் அறுத்தாலும் அதே குற்றம். மலை மழைக்குப் பருத்தி ஒரு வருடம் தாங்காது.

அன்று மதினி உடுத்தியிருந்தது துணி மூட்டை வியாபாரி நூர்தீன் நானாவிடம் வாங்கிய புதுச்சேலை.

“பாதி பஞ்சி, பாதி நைலான், புள்ள. நீ இத்துப்போனாலும் இது இத்துப்போகாது” என்று சொல்லித்தான் விற்றார்.

அண்ணன் எழுந்துவிட்டார். துணி விழவில்லை.

மற்றவர்கள் கட்டியதெல்லாம் கறுத்து உதிர்ந்து, மரத்தடியில் பாசியும் புல்லுமாகிவிட்டன. மதினியின் துணியில் பஞ்சு மட்டும் அழுகிப் போனது. மீதிப் பாதி வலைபோல, நீளம் குறையாமல் தொங்கியது. முடிச்சுக்கு அப்பால் கிளை பட்டுப்போயிற்று. கூடு கட்ட நூல் இழுக்க வந்த சிட்டு ஒன்று சிக்கித் தலைகீழாகச் செத்தது. உடம்பெல்லாம் உதிர்ந்த பிறகும் ஒரு கால் நூலிலேயே இருந்தது. காற்றே இல்லாத நாளிலும் அது ஆடும். நான் பேயைக் கண்டால் பீடிக்கு நெருப்புக் கேட்கிற ஆள். அந்த மரத்தடியில் மட்டும் என் பீடி தானாக அணைந்துவிடும்.

“முனிக்கு நைலான் புடிச்சிருச்சி மதினி. கட்டி அழகு பாக்குறாரு” என்றேன்.

“ஒன் நாக்குல புழு வைக்க” என்றார் மதினி. சிரிக்கவில்லை.

அறுபத்து நாலில் மகள் மீனம்மா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். இரண்டு நாள் வலித்தும் பிள்ளை வரவில்லை. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அப்பால் இருந்தது. கம்பளியைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கினோம். பாலத்தில் மதினியின் கால் நின்றுவிட்டது.

“அம்மா, நீயும் வா. நீ வரலன்னா நான் செத்துருவேன்.”

மதினிக்கு ஒரு கால் பலகையில், ஒரு கால் மண்ணில்.

மூடுபனிக்குள்ளிருந்து அண்ணன் இறங்கி வந்தார்.

“விழுந்துருச்சி, வேலாயி. மண்ணுல கெடக்கு. நீ போ.”

“கையில என்னங்க ரத்தம்?”

“மேட்டுல வழுக்கிட்டேன். போ புள்ள, நேரமாவுது.”

மதினி தாண்டினார்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். தாயும் பிழைத்தாள். சொல்வதற்கு நான் ஓடிவந்தேன். அண்ணன் முனி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே துணி முழுசாகத் தொங்கியது. ஓரத்தில் அவருடைய ரத்தம்.

“குத்தம்னு தெரிஞ்சுதான் இழுத்தேன், அழகா. அறல. கொஞ்ச நேரத்துல அது என்னைய இழுத்துச்சி.” உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “என்ன புள்ள?”

“பொட்டப்புள்ள அண்ணே. அழுத அழுகையில ஆஸ்பத்திரி செவுரு வெடிச்சிருச்சி.”

“அப்ப வேலாயி பேத்திதான். அவகிட்ட இதச் சொல்லிப்புடாத.”

நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மதினி பிள்ளையோடு வந்தார். அண்ணன் உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும், பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில் என் வாசலில் நிற்பார்.

“இன்னைக்கும் இருக்கேன்டா.”

“இருக்கீங்க அண்ணே” என்பேன், சிரித்துக்கொண்டே. முதலில் அவர் காலடியில் நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.