அப்பாவின் நெஞ்சில் வைத்த தங்கத்தாள்

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் நான் பழைய கிரேக்கத்தைப் படிக்கப் போனது அப்பாவுக்குப் பிடிக்கவேயில்லை. "செத்த ஆக்களின்ரை நகையைப் பாக்கிறதும் ஒரு படிப்போ?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு பெப்ரவரியில், அவரே செத்துப்போனார். என் படிப்பு முதன்முதலாக உதவியது அப்போதுதான்.

ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த பெரியம்மா, கோட்டைக் கழற்றமுதலே அம்மாவுக்குச் சட்டம் போட்டார். "தாலியைக் கழட்டி மனுசன்ரை நெஞ்சிலை வைக்கவேணும். அதுதான் முறை." ஊரில் என்றால் எரிக்கமுதல் யாராவது எடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். இங்கே பெட்டியை மூடினால் மூடினதுதான், தாலியும் சேர்ந்து எரியும்.

அப்பா கட்டிய தாலி, அவரை நோர்வேக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனிடம் என்றைக்கோ போய்விட்டது. இப்போது அம்மாவின் கழுத்தில் கிடப்பது, வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டி அம்மாவே வாங்கியது. அம்மா குசினிக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இது நான் உழைச்சது. நெருப்புக்குக் குடுக்கமாட்டன். குடுக்காட்டி அக்கா செத்தவீட்டையே குழப்பிப்போடுவா."

பெரியம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கிரேக்கரைப் பற்றிச் சொன்னேன். அவர்களில் கனபேர் பாரமான நகையை வீட்டில் வைத்துக்கொண்டு, பிணத்துக்கென்றே தாள்போல மெல்லிய தங்கத்தில் மாலையும் முடியும் செய்து போட்டார்கள். சில இடங்களில் வாய்க்கு மேலேயும் ஒரு தகட்டைக் கட்டினார்கள்.

"விண்ணன்கள்தான், நல்ல மூளை," என்றார் அம்மா. "இந்த மனுசனுக்கு வாயை உயிரோடை இருக்கேக்கையே கட்டியிருக்கவேணும்." அப்பாவுக்குச் சீனி வருத்தம். இனிப்பு என்றால் அம்மாவிடம் வாங்கிக் கட்டாத நாளில்லை.

அப்பாவுக்கு உடுத்திவிடுவதற்காக அம்மா அவருடைய கோட்டை எடுத்து உதறினார். உள்பையிலிருந்து சரசரவென்று தங்கத்தாள்கள் கொட்டின. எல்லாம் காசுபோலச் செய்த சொக்லேட்டைச் சுற்றிவருகிற தாள்கள், ஒவ்வொன்றும் நகத்தால் நீவி அடுக்கியது.

"கள்ளன்," என்றார் அம்மா. "எனக்கு முன்னாலை பாவற்காய்ச் சாறு குடிச்சுக் காட்டினவர்." சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அந்தத் தாள்களை மடித்து மடித்துத் தாலி செய்தார். ராசாவின் தலை அச்சடித்த பக்கம் உள்ளே போனது. மஞ்சள் நூல் சுவாமி அறையில் இருந்தது.

மறுநாள், இங்கே எந்தச் சமயத்தவருக்கும் செத்தவீடு நடக்கிற, தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் அது அப்பாவின் நெஞ்சில் மினுங்கியது. உண்மையான தாலிக்கொடி அம்மாவின் கம்பளிச் சட்டைக்குள் இருந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல பவுண். என்ரை தங்கச்சியின்ரை மனசு ஆருக்கு வரும்," என்று விம்மினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

மூடியைப் போடமுதல் அம்மா அப்பாவின் காதருகே குனிந்தார். ஒப்பாரி சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது.

"இஞ்சருங்கோ, இனி ஆசைதீரச் சாப்பிடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."